கூறு போட முடியாத எண்கள்

இறால் வாசம் போகாத கையால் எனக்குத் தலை வாரிவிட்ட என் அம்மாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நம் குப்பத்துக்குப் பல்கலைக்கழகமே வந்திருந்ததம்மா. வேன் நிறைய ஆராய்ச்சி மாணவர்கள். விலங்கியல், வரலாறு, மொழியியல், நிலவியல், தோல் தொழில்நுட்பம், கடைசி சீட்டில் கணிதமாக நான். பழவேற்காடு பாலம் தாண்டியதும் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து ஏரியைப் பார்த்தார்கள். பூநாரைகள் இன்னும் போகவில்லை.

சின்னம்மாதான் டீ போட்டாள். சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தாள். நீ இருந்திருந்தால் அவளை ஒரு வழி பண்ணியிருப்பாய். என் நைனா, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடக் கொட்டகையில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் இப்போது நன்றாகச் சோறு வடிக்கிறார். குழம்பில்தான் புளி கூடிவிடுகிறது.

இது எப்படித் தொடங்கியது என்பது உனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ ஏரியில் இறால் தடவுகிறவள். படகு இல்லை, வலை இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுத் தடவித் தடவிப் பிடிக்கிற வேலை. விரல் நுனியில் இறால் துள்ளுவது தெரிய வேண்டும். தெரிந்த அடுத்த கணம் அது பறிக்குள் போயிருக்க வேண்டும். உன் கையில் வெடிப்பில்லாத இடத்தை நான் பார்த்ததே இல்லை.

உன் பெண் சென்னைக்குப் போய் கணிதத்தில் ஆராய்ச்சி படிக்கிறாள் என்றதும், கூடத் தண்ணீரில் நிற்கிற பெண்கள் உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம்.

"இன்னாத்த படிக்கிறா உன் பொண்ணு?"

"கணக்கு."

"கணக்குதான் பத்தாவதோட முடிஞ்சிடுச்சே. இன்னும் இன்னா கணக்கு?"

"பெரிய கணக்கு போல கீது. இன்னும் விடை வரல."

இதை நீயே என்னிடம் சொல்லிச் சிரித்தாய். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ஹாஸ்டலில் பக்கத்து அறைக்காரி ஏரித் தண்ணீரைக் குப்பியில் வைத்துக்கொண்டு உப்பு பார்ப்பாள். எதிர் அறைக்காரி நண்டுக்கு நோய் எதனால் வருகிறது என்று தேடுவாள். அவர்கள் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். என்னிடம் அந்த ஒரு வரி இல்லை.

பல்கலைக்கழகத்தில் எல்லாத் துறைகளும் தங்கள் ஆராய்ச்சியைக் கடை பரப்புகிற நாள் ஒன்று உண்டு. அதைப் பார்க்க நீ பொன்னேரி பஸ் பிடித்து, அங்கிருந்து ரயில் ஏறி, நீலப் பட்டுச் சேலையில் வந்து இறங்கினாய். பெரிய மண்டபம். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு துறை.

விலங்கியல் மேஜையில் கண்ணாடித் தொட்டியைப் பார்த்ததுமே உன் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "அடியே, நம்ம ஏரி நண்ட இட்டாந்து குடி வெச்சிகிறாங்கடி!"

மொழியியல் மாணவன் ஒருவன் காற்றுகளின் பெயர் கேட்டு உன்னிடம் கருவியை நீட்டினான். வாடை, கச்சான், கொண்டல் என்று நீ சொல்லச் சொல்ல அவன் பதிவு செய்துகொண்டே போனான். வரலாற்று மேஜையில் நிர்மலா இருந்தாள். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் துணி வாங்கிக் கப்பலேற்றிய காலத்தைப் பற்றி ஆராய்கிறவள். நம் ஊர் டச்சுக் கல்லறைகளின் படங்களைப் பெரிதாக்கி மாட்டியிருந்தாள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய அதே இடம்தான். நீ வெயிலுக்கு ஒதுங்குகிற இடம்.

"இந்தக் கல்லு மேலதான் நான் பறிய வெக்கிறது. இன்னா எழுதிக்கிது அதுல?" என்று கேட்டாய்.

நிர்மலா படித்துச் சொன்னாள். பிள்ளைப்பேற்றில் இறந்துபோன ஓர் இளம் பெண்ணின் கல் அது. பிள்ளையும் கூடவே.

"அவ்ளோ தூரம் கப்பல்ல வந்து, இங்க வந்தா செத்துச்சி அந்தப் பொண்ணு? பெத்தவளுக்குனா சேதி போயிருக்குமா?" என்று மட்டும் கேட்டாய். அந்தக் கேள்வியை நிர்மலா விடவே இல்லையம்மா. கடல் தாண்டி வந்து இங்கே வாழ்ந்த பெண்கள், அவர்கள் வீட்டில் வேலை செய்த நம் பெண்கள், இவர்களைப் பற்றித்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறாள். நீயும் அதற்கப்புறம் அந்தக் கல்லின் மேல் பறியை வைத்ததில்லை.

தோல் தொழில்நுட்ப மேஜையில் ஆம்பூர்க்காரி ரெஹானா கையுறைகள் வைத்திருந்தாள். ரசாயனத் தொட்டியில் கைவிடுகிற தொழிலாளர்களுக்கானவை. உன் கையில் ஒன்றை மாட்டிப்பார்க்க எடுத்தவள், உன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அம்மா, இது எப்படி ஆச்சு?"

"இன்னா எப்புடி ஆச்சு? இது என் கை."

அதிலிருந்துதான் அவள் ஆராய்ச்சியே வேறு பக்கம் திரும்பியது.

கடைசியாக என் மேஜைக்கு வந்தாய். அங்கே ஒரு பலகை, ஒரு சுவரொட்டி, நான். வேறு யாரும் இல்லை.

"இத்த வெச்சி இன்னா பண்ணுவாங்க?"

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லம்மா."

நீ என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். சுற்றிப் பார்த்தாய். பிறகு மீன் சந்தையில் கூப்பிடுகிற குரலை எடுத்தாய்.

"ஏம்ப்பா, எல்லாம் அங்கயே போறீங்களே, இங்க இன்னா குறைச்சல்? வாங்கம்மா, வாங்க சார், வந்து பாத்துட்டுப் போங்க! பாக்குறதுக்குக் காசா பணமா?"

நான் வெட்கத்தில் பலகைக்குப் பின்னால் போய்விட்டேன். ஆனால் அவர்கள் வந்தார்கள். சாயங்காலம் வரை வந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் துறைத் தலைவர்கூட எட்டிப் பார்த்துவிட்டு, "யார் இந்த அம்மா?" என்று கேட்டார்.

அதன் பிறகு ரெஹானா நம் வீட்டுக்கு வந்து வந்து போனாள். முதலில் கொண்டுவந்த கையுறைக்குள் தண்ணீர் புகுந்து உன் கை பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. "இத்த மாட்டினா இறாலும் தெரியல, சேறும் தெரியல. எம்மா, நீயே வெச்சிக்க" என்று கழற்றிக் கரையில் எறிந்தாய். அவளும் விடவில்லை. "எங்க தெரியணும், எங்க தெரிய வேணாம், அதச் சொல்லுங்க" என்று தண்ணீரில் உன் பக்கத்திலேயே இறங்கி நின்றாள். இரண்டு பேரும் சண்டை போட்டபடி ஒரே தட்டில் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கையுறை தயாராவதற்குள் சிப்பி உன் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. மஞ்சள் வைத்துத் துணி சுற்றிக்கொண்டு மறுநாளும் இறங்கினாய், நீர்வாட்டம் இறாலுக்கு நன்றாக இருக்கிறதென்று. காய்ச்சல் வந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரி, பிறகு சென்னை. விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். நான் உன் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது சூடாக இருந்தது. பிறகு இல்லை.

ஒரு விரல் காயத்தில் என் அம்மா போய்விட்டாள். நானோ யாருக்கும் பயன்படாத எண்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். காரியம் முடிந்ததும் துறைக்குப் போய் ஆராய்ச்சியை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ரெஹானாவும் உடைந்துபோயிருந்தாள். "முடிச்சிருக்கணும்டி, சீக்கிரம் முடிச்சிருக்கணும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு வந்த என்னைச் சின்னம்மா வாசலிலேயே நிறுத்தினாள்.

"இன்னாடி இதெல்லாம்?"

"நான் போகல சின்னம்மா. அந்தப் படிப்பால யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல."

"அத்த உங்கம்மா கேட்டாளா?" சின்னம்மா கத்தினாள். "அன்னிக்கு உன் மேஜைக்கு ஆள் கூப்ட்டு கூப்ட்டு தொண்ட கட்டிக்கினு வந்தா. ரெண்டு நாளு பேச்சு வரல அவளுக்கு. அவ கூட்டாந்து உட்ட ஆளுங்கள உட்டுட்டு நீ கடைய மூடறியா?"

நான் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அடுத்த வாரம் நைனா என் பெட்டியைத் தோளில் வைத்து பஸ் ஏற்றிவிட்டார். கையுறை வேலையைச் சின்னம்மாவை வைத்துத் தொடரச் சொல்லி நான் ரெஹானாவைக் கேட்டேன். அவள் மறுநாளே கிளம்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எதற்கு இவர்கள் எல்லாரும் வந்தார்கள் தெரியுமா? நம் பெண்கள்தான் கூப்பிட்டார்கள். "வராங்க, கேக்குறாங்க, எழுதிக்கினு போறாங்க. இன்னா கண்டுபுடிச்சாங்கன்னு ஒருத்தரும் வந்து சொல்றதில்ல" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். நியாயம்தானே? நான் துறை துறையாக ஏறி இறங்கிக் கேட்டேன். ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை.

கொட்டகை நிறைந்துவிட்டது. விலங்கியல் மாணவி இறால் குஞ்சுகள் எந்தப் பக்கம் ஒதுங்குகின்றன என்று படம் போட்டுக் காட்டினாள். நிலவியல் ஆராய்ச்சியாளரைப் பார்த்து ஒரு பெரியவர், "முகத்துவாரம் தூர்ந்து தூர்ந்து போவுதே, எப்ப சரியாவும்?" என்று கேட்டார். "இன்னும் தெரியலைங்கய்யா. பாத்துக்கிட்டே இருக்கோம்" என்றார் அவர். பொய் சொல்லாததற்காகவே அவருக்கு இன்னொரு டீ கிடைத்தது.

சின்னம்மா புதுக் கையுறையோடு எழுந்து நின்றாள். உள்ளங்கையும் விரலின் பக்கங்களும் தடிப்பு, நுனி மட்டும் மெல்லிசு. "போட்டுக்கினு எறங்குறேன். இறால் தெரியுது. நகக்கண்ணுல இன்னும் கொஞ்சம் தண்ணி போவுது, அத்த மட்டும் சரி பண்ணணும்" என்றாள். ரெஹானா குறித்துக்கொண்டாள். நம் குப்பத்தில் பத்துப் பெண்களுக்கு மேல் இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்குகிறார்கள்.

மொழியியல் மாணவன் பதிவை ஒலிக்கவிட்டான். உன் குரல், அம்மா. வாடை எப்போது எழும், கச்சான் எப்போது விழும் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் அவனை அதட்டுகிறாய். "எவ்ளோ நேரம்தான் அந்தப் பொட்டிய புடிச்சிக்கினு நிப்ப? போய் சாப்புடு போ." கொட்டகையே சிரித்தது. நைனா எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். அந்தப் பையனிடம் போய், "இன்னொரு தபா போடுப்பா" என்றார்.

பிறகு என்னைக் கேட்டார்கள். "அமுதா, நீ இன்னாத்த கண்டுபுடிச்ச?"

என்னிடம் படமும் இல்லை, பொருளும் இல்லை. வெளியே போய் ஒரு மடி நிறைய மட்டிச் சிப்பி ஓடு பொறுக்கிவந்து தரையில் கொட்டினேன். இப்போது உனக்கும் சொல்கிறேன், கேள்.

பன்னிரண்டு ஓடுகளை எடுத்து, சந்தையில் போடுகிற மாதிரி சமமாகக் கூறு போடச் சொன்னேன். மூன்று மூன்றாக நாலு கூறு போட்டார்கள். ஆறு ஆறாக இரண்டு கூறும் போட்டார்கள். பதின்மூன்றைக் கொடுத்தேன். எப்படிப் போட்டாலும் மிஞ்சியது, இல்லை குறைந்தது. மொத்தமாக ஒரே கூறு, இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகத் தனித்தனி. வேறு வழியே இல்லை. இப்படிக் கூறு போட முடியாத எண்கள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கின்றன. சில சமயம் நடுவில் ஒரே ஓர் எண் விட்டு ஜோடியாக வருகின்றன, பதினொன்றும் பதின்மூன்றும் போல, பதினேழும் பத்தொன்பதும் போல. அந்த ஜோடிகளுக்கும் முடிவு இல்லையா, அல்லது எங்கேயாவது நின்றுபோகுமா? அது யாருக்கும் தெரியாது. நான் செய்தது அந்தக் கேள்வியின் ஓரத்தில் ஒரு சின்ன எட்டு எடுத்து வைத்ததுதான்.

"யாருக்கும்னா, வெளிநாட்டுக்காரங்களுக்குமா?" என்றாள் சின்னம்மா.

"உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது சின்னம்மா."

"அப்ப அவங்களும் நம்மள மாதிரி ஓட்ட வெச்சிக்கினு குந்திக்கினுகிறாங்களா!"

அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு. இதனால் என்ன பயன் என்று ஒருத்தியும் கேட்கவில்லையம்மா. டீ ஆறிக்கொண்டிருந்தது, பெண்கள் தரையை விட்டு எழவில்லை. இருபத்தொன்பது, முப்பத்தொன்று என்று ஓடுகளை நகர்த்தி நகர்த்தி, "இது வராது", "இல்லடி, வருது பாரு" என்று சண்டை போட்டார்கள். நைனாவும் மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்துவிட்டார். நீ அங்கே இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பாய்?

எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. கல்லூரி ஒன்றில் வேலையும் கிடைத்திருக்கிறது. நடந்ததைக் கேள்விப்பட்டு சுண்ணாம்புக்குளத்திலிருந்தும் ஆள் அனுப்பியிருக்கிறார்கள், எங்களுக்கும் வந்து சொல்லுங்கள் என்று. போகப்போகிறோம். இன்னும் யார் கேட்டாலும் போவோம். கண்டுபிடித்தவர்கள் கண்டுபிடித்ததைச் சொல்வார்கள். தெரியாததைத் தெரியாது என்று நான் தலை நிமிர்ந்து சொல்வேன். சொல்லிவிட்டு வந்து அடுத்த எட்டு வைக்க உட்காருவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

பறி சுமந்தவளின் மகள்,
அமுதா