கப்பல் ஏஜென்சியில் எரிக்கப்பட்ட என் கணவரின் செய்தி

அனுப்புநர்:
உம்மு சல்மா,
க/பெ. நூகு,
தெற்குத் தெரு,
திருமலைராயன்பட்டினம்.

பெறுநர்:
நிர்வாகி அவர்கள்,
காரைக்கால்.

பொருள்: என் கணவர் அனுப்பிய டெலக்ஸ் செய்தியை ஏஜென்சி அலுவலகம் எரித்துவிட்டு, அப்படியொன்று வரவேயில்லை என்று சாதிப்பது – விசாரணை செய்யவும் கணவரைத் தேடித் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் நூகு சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் காரைக்கால் ஏஜென்சி ஒன்றின் மூலம் வேலைக்குப் போனவர். கப்பலில் இருப்பவர்கள் வீட்டுக்குச் சொல்லும் சேதி அவ்வலுவலக டெலக்ஸ் இயந்திரத்துக்கு ஆங்கிலத்தில் வரும். சேதித் தாளை அந்தந்தக் குடும்பத்தின் பெயரெழுதிய மரப்பெட்டியில் போட்டு வைப்பார்கள். நாங்கள் போனால் படித்துச் சொல்லிவிட்டு, பெட்டியைக் காலி செய்து, தாளைப் பரண்மேல் சாக்கில் போடுவார்கள்.

2. படித்துச் சொல்பவர் அலாவுதீன். என் தாயாரின் தங்கை மகன். பள்ளிக்கூடம் போன காலத்தில் என் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர். அந்த வேலையை அவருக்கு வாங்கித் தந்ததும் என் கணவர்தான். நான் ஒருமுறை தாளைக் கையில் கேட்டபோது, "சாக்குல போட்டா தொலஞ்சா போயிடும் லாத்தா? எப்ப வேணும்னாலும் கேளுங்க, எடுத்துத் தர்றேன்" என்றார். அக்கா முறை வைத்து என்னை லாத்தா என்றழைக்கும், கூடப்பிறந்தவர் போன்றவர் சொன்னதால் அத்தோடு விட்டுவிட்டேன்.

3. இந்த ரமலானுக்குச் சற்று முன் அவர் எனக்குப் படித்துச் சொன்ன சேதி: கணவருக்குக் கடும் காய்ச்சல், கேப்டன் அவரை ஆப்பிரிக்காவில் மொம்பாசா துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார், குணமானதும் ஊருக்கு அனுப்புவார்கள். படித்துவிட்டு அலாவுதீனும் என்னோடு அழுதார்.

4. பெருநாள் கழிந்தும் தகவல் இல்லை. மேலாளர் சிவசுப்பிரமணியன் அவர்களிடம் கேட்டேன். "உங்க வீட்டுக்காரர் யார்கிட்டயும் சொல்லாம கப்பல விட்டு எறங்கி ஓடிட்டாரும்மா. ஓடிப்போனவங்களுக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார். ஆஸ்பத்திரிச் சேதியைச் சொன்னேன். அதைக் காட்டச் சொன்னார். அலாவுதீன் என் முகத்தைப் பார்க்காமல், "திங்கக்கெழம வாங்க லாத்தா, தேடி வைக்கிறேன்" என்றார்.

5. திங்கட்கிழமை போனேன். அலுவலகத்தின் பின்புறம் சாம்பல் கிடந்தது. பழைய தாள்கள் இடத்தை அடைத்ததால் கொளுத்தச் சொல்லிவிட்டார்கள் என்றார் அலாவுதீன். நான் யாரையும் கேட்காமல் ஏணியில் ஏறிப் பார்த்தேன். முந்திய வருடங்களின் சாக்குகள் தூசி படிந்து அப்படியே இருந்தன. இந்த வருடத்துச் சாக்கு மட்டும் இல்லை.

6. ஜமாஅத்தில் முறையிட்டேன். பெரியவர்கள் முன்னால் அலாவுதீன், "அப்புடி ஒரு சேதியே வரல. லாத்தா மனசு ஒடஞ்சுபோய் என்னென்னமோ சொல்றாங்க" என்றார். அவர்கள் அவரை நம்பினார்கள். பொய் சொல்லும்போதும் அவர் என்னை லாத்தா என்றழைத்ததுதான் ஐயா, எனக்குத் தாங்கவில்லை. என் கணவர் வேறு குடும்பம் தேடிக்கொண்டார் என்று இப்போது ஊரில் பேசுகிறார்கள்.

7. செய்தியை எரிக்க உத்தரவிட்டவர் யார் என்று தாங்கள் விசாரிக்க வேண்டும். செய்தியை அனுப்பிய மொம்பாசா துறைமுக அலுவலகத்தில் அதன் நகல் இருக்கக்கூடும். அங்கும் அதை அழித்துவிடுமுன் அரசாங்கத்தின் மூலம் கேட்டு வாங்க வேண்டும். அங்குள்ள ஆஸ்பத்திரிகளிலும் என் கணவரைத் தேட வேண்டும்.

அவர் மவுத்தாகியிருந்தால் நான் இத்தா இருந்து துக்கம் காக்க வேண்டியவள். உயிரோடு இருந்தால், தான் சேதி சொல்லியும் வீட்டிலிருந்து ஒருவரும் தேடி வரவில்லை என்று எண்ணிக்கொண்டு அங்கே படுத்திருப்பார். நாங்கள் அவரைக் கைவிடவில்லை என்ற ஒரு வார்த்தையையாவது அவருக்கு எட்டச் செய்யுமாறு தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: திருமலைராயன்பட்டினம்
நாள்: 17.9.1984

இப்படிக்கு,
உம்மு சல்மா