சிரட்டையில் விழுந்த மஞ்சள்

புதன்கிழமை, இரவு. மழை விடவில்லை.

கொழுந்து பறித்துவிட்டு வந்ததும், பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையில் அரிசி கழுவிய தண்ணீரும் மஞ்சளும் குழைத்து, விரலில் ஏறிய தேயிலைக் கறையையும் முகத்தையும் தேய்த்துக் கழுவுவது என் வழக்கம். வீட்டுக்காரர் இறந்த பிறகு மஞ்சளை மட்டும் விட்டுவிட்டேன். இன்று பழக்கதோஷத்தில் அதையும் போட்டுவிட்டேன்.

குழாயில் தண்ணீர் விழும் பீலியடிக்குப் போன பிறகுதான், சிரட்டையில் குழைத்தது மஞ்சளாக இருப்பதைக் கவனித்தேன். கொட்டப் போனபோது மாமியார் பின்னால் நின்றார்.

"எதுக்குக் கொட்டுற?"

"ஞாபகமில்லாம மஞ்ச போட்டுட்டேன் அத்த."

திட்டப் போகிறார் என்று குனிந்துகொண்டேன். அவர் சிரட்டையை வாங்கினார்.

"மஞ்ச விக்கிற வெலைக்கு யாராச்சும் கொட்டுவாங்களா? கைய நீட்டு புள்ள."

என் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டார். மிச்சத்தைத் தன் கன்னத்தில் பூசிக்கொண்டார். மாமனார் இறந்த பிறகு அவர் மஞ்சள் பூசி நான் பார்த்ததே இல்லை.

நாளைக் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்கும்போது, என் கையிலுள்ள மஞ்சளைப் பார்த்துக் கேட்பார்கள்.

மாமியார் தூங்கிவிட்டார், முகத்தைக் கழுவாமலே.