டிராகன் ராஜாவுக்கு விஷம் வைத்தது யார்

ஞாயிறு, இரவு.

மதியம் அல்சூரில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா புருஷனும் நானும் ஒரே மாயாஜால நாவல் தொடரின் பைத்தியங்கள். டிராகன் ராஜாவுக்கு விஷம் வைத்தது யாரென்று அடுத்த பாகம் வந்தால்தான் தெரியும். மாமா மந்திரி என்றார். நான் ராணி என்றேன்.

கதையே படிக்காத அக்கா சப்பாத்தி தேய்த்தபடி சொன்னாள்: "சாப்பாடு போடுறவதான். ராஜா அவளை தெனமும் அடிக்கிறான்னு நீங்கதானே சொன்னீங்க."

மாமா எழுந்து போய் அறைந்தார். உதடு கிழிந்து மாவில் ரத்தம் சொட்டியது. "படிக்காம பேசாதடி."

நான் தடுக்கவில்லை. அக்கா வேறு மாவு பிசைந்தாள். குருமாவைச் சூடு பண்ணி அவருக்குப் போட்டாள். நான் தட்டை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள்.

"நீ வீட்ல போய் சாப்பிடு."

ஒருநாளும் என்னைப் பட்டினியாக அனுப்பியவளில்லை.

போன் கையிலேயே இருக்கிறது. மாமாவுக்கு இன்னும் பண்ணவில்லை.