காயும் வரை பேசக்கூடாது

மார்ச் 10, திங்கள்

ரசத்தில் இன்று புளி கூடிவிட்டது. நேற்று உப்பு. வைத்தது நானே என்பதால் யாரையும் திட்ட முடியவில்லை. இந்த வீட்டில் இப்போது பெரிய குறை அதுதான்.

மங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பின்னால் ஆளுக்கு ஒன்றாகச் சொல்வார்கள். மருமகள் பூங்குழலி, என் சம்சாரம் வேலாத்தாளுக்குத் தலையில் சாயம் பூசி, முகத்தில் என்னென்னவோ தடவிக் கூட்டி வந்திருந்தாள். பந்தியில் எதிரே இருந்த ஒறம்பரை, சொந்தக்காரர் ஒருவர், "ஏனுங்க அங்கமுத்து, உங்க ஊட்டுல பத்து வயசு கொறஞ்சாப்பல இருக்குதே?" என்றார்.

"வெள்ளையடிச்சிருக்குதுங்க. செவுரு பழசுதானுங்க" என்றேன்.

பந்தி மொத்தமும் சிரித்தது. பாயசம் ஊற்ற வந்தவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். வேலாத்தாள் இலையை மூடிவிட்டு எழுந்தாள். மகன் சசிகுமாரின் காரில் ஏறித் திருப்பூர் போனவள்தான், இன்னும் பல்லடம் பக்கம் திரும்பவில்லை.

சிரித்தது அத்தனை பேர். கோபம் என் ஒருவன் மேல். இது என்ன நியாயம்?

மார்ச் 12, புதன்

மிக்ஸி மூடி கிடைக்கவில்லை. போன் செய்து கேட்க மாட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

கோயிலில் பேசி முடிவு செய்துவிட்டார்கள். வருகிற 25, செவ்வாய்க்கிழமை மாரியம்மன் நோம்பி சாட்டு, திருவிழா அன்றிலிருந்து தொடங்கும். கோயில் முன் கம்பம் நட்டுவிட்டால் நோம்பி முடியும்வரை ஊர்க்காரர்கள் யாரும் வெளியூரில் ராத்தங்கக்கூடாது. எங்கே போனாலும் இருட்டுவதற்குள் ஊர் வந்து சேர வேண்டும். அதற்குப் பிறகும் வேலாத்தாள் திருப்பூரில் இருந்தால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். என் வீடு என்றில்லாமல் இன்னொருவர் வீடு என்றால் நானே முதலில் பேசுவேன்.

பக்கத்து வீட்டு ஒச்சாயி இன்றே ஆரம்பித்துவிட்டாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவள். வாய் மட்டும் அங்கேயே வளர்ந்தது.

"என்ன பெரியவரே, அக்கா நோம்பிக்காச்சும் வந்துருவாகளா? இல்ல மாவெளக்க நீங்களே தூக்கப் போறீகளா?"

"ஆம்பளை மாவிளக்கு எடுக்கக்கூடாதுன்னு எங்கயும் எழுதி வெக்கலை" என்றேன். சொல்லியிருக்கக்கூடாது. சொன்னால் செய்து தொலைக்கிறவன் நான்.

சசிகுமார் போனில், "நீங்க வந்து கூப்புட்டா அம்மா வந்துருமுங்கப்பா. ஒரு வார்த்தை போதும்" என்கிறான். மகன் வீட்டு வாசலில் போய் நின்று பெண்டாட்டியைக் கூப்பிடுவதா? தோற்றவன் செய்கிற வேலை அது. நான் எதில் தோற்றேன்?

மார்ச் 20, வியாழன்

சசிகுமார் மறுபடி கூப்பிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் 'ஃபேஷன் பியூட்டி நைட்'டாம். சேலை, சுடிதார், கவரிங், முகப்பூச்சு என்று மண்டபம் முழுக்கக் கடை போடுகிறார்களாம். பூங்குழலி மாமியாரைக் கூட்டிப் போகிறாள்.

"அங்க வாங்கப்பா. எதேச்சையாப் பாத்த மாதிரி 'போலாமா'ன்னு கேளுங்க. அம்மா கெளம்பத் தயாராத்தான் இருக்குது. கேக்கத்தான் ஆளைக் காணோம்."

நுழைவுச்சீட்டைப் போனிலேயே அனுப்பியிருக்கிறான். அதில் தமிழில் ஒரு சொல் இல்லை. அஞ்சாவதோடு நின்று, பஜ்ஜி மடித்த பேப்பரைப் படித்துப் படித்தே எழுதக் கற்றவன் நான். என்னை மதித்து நாலு எழுத்துத் தமிழில் போட்டால் என்ன?

இருந்தாலும் யோசித்தேன். வாழ்நாளெல்லாம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனுக்கு ஒன்று தெரியும். வீடு தேடிப் போய்க் கூப்பிட்டால் அது இறங்கிப் போனது. வழியில் பார்த்துக் கூப்பிட்டால் அது வண்டியில் ஏற்றிக்கொண்டது. இரண்டும் ஒன்றல்ல.

மீசையை ஒதுக்கினேன். அவளுக்காக அல்ல. வளர்ந்திருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

நேற்று நடந்ததை இப்போது எழுதுகிறேன். நேற்று எழுத முடியாத நிலை.

பஸ்ஸில் போகும்போதே "போலாமா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கெஞ்சுவது போலவும் இருக்கக்கூடாது, அதட்டுவது போலவும் இருக்கக்கூடாது. பக்கத்தில் இருந்தவர், "இன்னும் ஸ்டாப்பு வரலீங்க" என்றார்.

மண்டப வாசலில் காவலுக்கு நின்றவன் கையை நீட்டி மறித்தான். "ஜென்ட்ஸ் தனியா வந்தா உள்ள உடறதில்லீங்க பெரியவரே. லேடீஸ்கூட வந்தாத்தானுங்க."

"என்ற சம்சாரம் உள்ளதானுங்க இருக்குது."

"அப்பப் போனப் போடுங்க. அவிங்க வந்து கூட்டிட்டுப் போவட்டும்."

நான் அவளைக் கூட்டிப் போக வந்தால், அவள் என்னைக் கூட்டிப் போக வேண்டுமாம்! செத்தாலும் போன் போட மாட்டேன்.

ஓரமாக நின்று பார்த்தேன். வாசலில் கூட்டம் கண்டபடி முட்டிக்கொண்டு நின்றது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. "வாசல்ல நிக்காதீங்க, உள்ள போங்க உள்ள போங்க, கைக்கொழந்தைக்காரங்க முன்னால வாங்க, உள்ள பூரா எடம் காலியாக் கெடக்குது!" ஒரு கும்பலை ஒழுங்கு பண்ணி உள்ளே அனுப்பினேன். அப்படியே கடைசி ஆளின் முதுகோடு ஒட்டி நானும் உள்ளே போனேன். காவல்காரன் என்னை மண்டபத்து ஆள் என்று நினைத்து, "தேங்க்ஸுங்க" என்று வேறு சொன்னான்.

உள்ளே கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். என்னைப் பார்த்தவர்களெல்லாம் பாத்ரூம் எங்கே, லிப்ஸ்டிக் எங்கே என்று வழி கேட்டார்கள். எல்லோருக்கும் சொன்னேன். தெரியாததற்கும் சொன்னேன்.

அப்போதுதான் வேலாத்தாளைப் பார்த்தேன். வளையல் கடையில் பூங்குழலியோடு நின்றாள். கடுகு மஞ்சளில் சேலை. நான் பார்த்ததே இல்லை. எதற்கோ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். போய்ச் சொல்ல வேண்டியது ஒரே சொல். அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். என் கால் என்னைக் கேட்காமலே பக்கத்துக் கடையின் தட்டிக்குப் பின்னால் போய்விட்டது.

"வாங்க தாத்தா, ஒக்காருங்க! ஃப்ரீ டெமோதேன். இம்புட்டு நேரம் ஒரு ஆம்பள எட்டிப் பாக்கல."

சித்ராதேவி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள். தேனிப் பக்கமாம். பகலில் கம்பெனியில் செக்கிங், சாயங்காலம் இந்த வேலை. முகத்தில் எதையாவது பூசினால் அடையாளம் தெரியாது என்று தோன்றியது. உட்கார்ந்துவிட்டேன். முல்தானி மட்டியில் என்னவோ கலந்து, மீசையை மட்டும் விட்டுவிட்டு அப்பினாள். ஜில்லென்று இருந்தது. கண்மேல் நனைத்த பஞ்சை வைத்தாள்.

"இனி வாயத் தெறக்கக்கூடாது தாத்தா. பேசுனா வெடிச்சுரும். சிரிச்சாலும் வெடிச்சுரும். காயிற வரைக்கும் கம்முன்னு இருக்கணும்."

பக்கத்து நாற்காலி கிரீச்சென்றது. "நான் சித்த ஒக்காந்துக்கறங் கண்ணு. காலு கடுக்குது."

வேலாத்தாள்.

"ஒக்காருங்கம்மா. ஒங்களுக்கும் பூசி விடட்டா?"

"வேண்டாங் கண்ணு. பூசிட்டுப் போனா எங்கூட்டுக்காரரு வெள்ளையடிச்சிருக்குதும்பாரு."

எனக்கு நாக்கு துடித்தது. வாயைத் திறக்க முடியாது. எழுந்து ஓடவும் முடியாது, கண் தெரியவில்லை.

"அவரு பஸ்ஸுல கண்டக்டரு கண்ணு. ஊரு சனத்துக்கெல்லாம் எடம் பாத்து ஒக்கார வெப்பாரு. நான் ஏறுனா மட்டும் நின்னுட்டேதான் வரோணும். சொந்தப் பொண்டாட்டிய ஒக்கார வெச்சா நாலு பேரு பேசுவாங்களாம். வயித்துல புள்ளையோட மடத்துக்குளம் வரைக்கும் கம்பியப் புடிச்சுட்டு நின்னிருக்கறேன்."

அது நேர்மை! பேப்பரில் போட வேண்டிய நேர்மை! தொண்டை வரை வந்துவிட்டது. முகம் சிமெண்டு மாதிரி இறுகிவிட்டது.

"ஐயோ, நெசமாவாம்மா?"

"செவுரு பழசுன்னு பந்தியில சொல்றாரு. பழசாகாம என்ன பண்ணும்? நாப்பது வருசமா அவரு சாஞ்சுட்டு இருக்கற செவுரு கண்ணு அது."

சித்ராதேவி சிரித்தாள். எனக்குக் கன்னத்தில் 'படக்'கென்றது. மின்விசிறிக் காற்றுதான் காரணம். நான் சிரிக்கவில்லை.

"பாரு கண்ணு, இவருக்கு வெடிச்சுருச்சு. இன்னொருக்காப் பூசி உடு. எனக்குப் பேசறதுக்கு இன்னும் இருக்குது."

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது பூச்சில் அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. நிறையச் சொன்னாள். நடுவில் யாரும் குறுக்கே பேசவில்லை.

பஞ்சை எடுத்தபோது எதிரே என் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் பூங்குழலி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"வாசல்ல 'உள்ள போங்க உள்ள போங்க'ன்னு நீங்க கத்துனது இந்த மண்டபத்துல யாருக்குங்க கேக்கல?"

முகத்தைத் துடைத்தேன். சொல்ல வேண்டிய சொல் தயாராகத்தான் இருந்தது. வெளியே வந்தது வேறு.

"எட்டரை வண்டி போயிரும்."

அவள் துண்டை வாங்கி உதறி மடித்தாள். பிறகு கேட்டாள்: "எடம் இருக்குமுங்களா?"

மார்ச் 25, செவ்வாய்

நோம்பி சாட்டியாயிற்று. கம்பம் நட்டார்கள். வேலாத்தாள் குடத்தோடு போய்க் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றி வந்தாள். ஒச்சாயி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மீசையை ஒருமுறை தடவிக்கொண்டேன்.

மிக்ஸி மூடி கிடைத்துவிட்டது. நான் கேட்கவில்லை. அவளே எடுத்தாள்.

சனிக்கிழமை பஸ் விஷயத்தை எழுத விட்டுப்போயிற்று. ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அந்த வண்டிக் கண்டக்டர் எனக்குப் பழக்கம். "அண்ணா, நீங்க ஒக்காருங்க" என்றான். மட்டி பூசியதில் உடம்பே இழுத்துப் பிடித்த மாதிரி இருந்ததால் எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. காலியாக இருக்கிற இடத்தில் யாராவது உட்கார வேண்டும், அவள் உட்கார்ந்தாள். பல்லடம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இதில் வேறு அர்த்தம் எதுவும் கிடையாது.

கால் வலி இன்னும் போகவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

வேலாத்தாள் அந்தச் சித்ராதேவி கடையில் மட்டிப் பொட்டலம் வாங்கி வந்திருந்ததை எனக்குச் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் மதியம் சாப்பாடானதும் கிண்ணத்தில் குழைத்து எடுத்து வருகிறாள். வெயிலுக்கு முகம் எரிகிறது என்பதால்தான் சம்மதிக்கிறேன். மீசையை விட்டுவிட்டுப் பூசுகிறாள். கண்ணில் பஞ்சு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பேசத்தான் கூடாது, எழுதலாம்.

இப்போது எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் அண்ணன் மகள் சீர் விசேஷத்தில் நான் வாசலிலேயே நின்றேன் என்கிறாள். தப்பு. உள்ளே வந்து மோர் குடித்தேன். காய்ந்ததும் சொல்ல வேண்டும். உடுமலை ரோட்டில் பஸ் நின்றுபோன மழையைச் சொல்கிறாள். நான் அவள் தலைக்கு டிக்கெட் பையைப் பிடித்தேனாம். எனக்கு நினைவே இல்லை. பிடித்திருப்பேனா? பையில் கம்பெனி டிக்கெட் இருக்குமே, நனைந்திருக்குமே.

நனைந்ததாம். அதற்கு முதலாளி திட்டியதும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

"காஞ்சுருச்சுங்களா?" என்று கேட்கிறாள்.

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாகவே காய்ந்திருந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.