எட்டாம் நிலையில் இறக்கி வைத்த சிலுவை

கிறிஸ்துமஸுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பரணைக் காலி செய்தபோது, பழைய டப்பாவிலிருந்து ஒரு படிகாரக் கட்டி உருண்டு என் மகள் ஸ்டெல்லாவின் காலடியில் விழுந்தது. "இது இன்னாத்துக்கும்மா?" என்று எடுத்து மோந்து பார்த்தாள். முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது, எங்கே வந்து சொல்வது? அதனால் எழுதுகிறேன்.

காசிமேட்டு இறால் கொட்டகை உனக்கு மறந்திருக்காது. நீ கூடையில் மீன் விற்றவள். ஆனாலும் தினமும் அந்த வாசலைத் தாண்டும்போது என்னை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் போவாய். ஐஸ் தண்ணீரில் இறால் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோல் கழன்றுவிடும். சாயங்காலம் படிகாரத் தண்ணீரில் முக்கினால் எரிச்சலில் உயிர் போகும். ஆனால் மறுநாள் உரிப்பதற்குத் தோல் இறுகிவிடும். கடலுக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பாமல் போன பிறகு, ஏழு வயசு ஸ்டெல்லாவும் என் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தாள், சாயங்காலம் கையை முக்கினாள். சின்ன விரல் வேகமாக ஓடும் என்று முதலாளிக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். பாவி.

"இந்த எறால எவன்மே துன்றான்?" என்று ஒரு நாள் கேட்டாய். கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகிறது என்றேன். "அவனும் ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவான். நம்ம கும்புடற சாமியத்தான் கும்புடுவான். தட்டுல கீற எறா உன் பொண்ணு உரிச்சதுன்னு அவனுக்கு யாரு சொல்றது?" என்றாய். அன்று ஜெபமாலையில் அவனுக்காகவும் ஒரு 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சேர்த்துக்கொண்டாய். நமக்காகச் சொல்லவே ஆளைக் காணோம், இவள் முகம் தெரியாத ஒருத்தனுக்குச் சொல்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்புறம் அந்தப் பெரிய வெள்ளி. சிலுவையைத் தூக்கிக்கொண்டு பதினாலு இடத்தில் நின்று ஜெபம் சொல்லிப் போகிற சிலுவைப்பாதையில், எட்டாம் நிலை எப்போதும் கொட்டகை வாசலில்தான். முதலாளியே மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, வருகிறவர்களுக்கு நீர்மோரும் வைப்பார். மறுநாள் சரக்கு ஏற்ற வேண்டும் என்று எங்களையும், ஸ்டெல்லாவைப் போல உரிக்கிற மற்ற பிள்ளைகளையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார். பாட்டு நெருங்கி வந்து வாசலில் நின்றது. சிலுவை சுமக்கும் ஆண்டவர், அழுகிற பெண்களைப் பார்த்து உங்கள் பிள்ளைகளுக்காக அழுங்கள் என்று சொல்கிற நிலை அது. ஜெபம் முடிந்தது. மறுபடி பாட்டு எழும்ப வேண்டும், எழும்பவில்லை. அடுத்த நிலைக்குச் சிலுவை தூக்குவது உன் முறை என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"உள்ள புள்ளைங்க கீதுங்க ஃபாதர். அதுங்க வராம நான் இத்தத் தூக்க மாட்டேன்" என்றது உன் குரல்.

"பெரிய வெள்ளியும் அதுவுமா இன்னாமே தகராறு பண்ணிகினு கீற?" என்று முதலாளி கத்தினார்.

"புள்ளைங்களுக்காக அழுவச் சொன்னீங்க, அழுதாச்சு. இப்போ கதவத் தொறங்க."

சிலுவை தரையில் கிடக்கும்போது யார் அதைத் தாண்டிப் போவார்கள்? கூட்டம் அப்படியே நின்றது. கடைசியில் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. வேலை போச்சு என்று தெரிந்தேதான் ஸ்டெல்லாவை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நீ அவளுடைய ஈரக் கையைப் பிடித்து ஃபாதருக்கு விரித்துக் காட்டினாய். ஃபாதர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு முதலாளியைப் பார்த்தார். முதலாளி மோர்ப்பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எல்லாம் சிலுவையின் வால்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, நீ முன்னால் தூக்கிக்கொண்டு நடந்தாய்.

அதன்பிறகு அந்தக் கொட்டகையில் பிள்ளைகளை உட்கார வைக்கவில்லை. என்னையும் சேர்க்கவில்லை. "போனாப் போவுது, எங்கூட வந்து கூடயத் தூக்கு" என்றாய். அந்தக் கூடைதான் ஸ்டெல்லாவைப் பள்ளிக்கூடம் அனுப்பியது. இப்போது பன்னிரண்டாவது படிக்கிறாள்.

வேறு எங்கெங்கோ சின்ன விரல்கள் இன்னும் ஐஸில் ஊறிக்கொண்டுதான் இருக்கும். நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. அந்த வெளிநாட்டுக்காரனுக்கான ஜெபத்தை இப்போது நான்தான் சொல்கிறேன். சிரிப்பு வருவதில்லை.

அந்த நாளைப் பற்றிக் கேட்டால் ஸ்டெல்லாவுக்கு மோர் மட்டும்தான் ஞாபகம். நேற்று படிகாரத்தை உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தாள். அவள் விரல் நுனியெல்லாம் வழவழவென்று இருந்தது. உங்கப்பா சவரம் பண்ணிட்டுத் தடவுவாரு என்று சொல்லிவைத்தேன். "ஓ" என்று தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

அந்த எரிச்சல் அவளுக்கு மறந்தே போய்விட்டது. அதை உன்னிடம் சொல்லத்தான் எழுதினேன்.