ஜனவரியில் ஒரு வாளி வெந்நீர்

இன்று காலை குளியலறைக் கதவைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் ஏறியது. ஷவர் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி, அதில் வினிகரை ஊற்றி ஊறவைத்திருந்தாள் என் மனைவி. துளைகளில் சுண்ணாம்பு அடைத்துத் தண்ணீர் திசைக்கு ஒன்றாகப் பீய்ச்சுகிறதாம். நான் பல்கூடத் தேய்க்காமல் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. போகிற போக்கில் ஒரு வினிகர் பாட்டிலுக்கு இவ்வளவு அதிகாரம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

நியூஜெர்சியில் நம் எடிசன் வட்டாரத்தில் யார் வீட்டில் வெந்நீர் மெலிந்தாலும் வினிகர் கேனும் ஒரு சின்ன பம்புமாகக் கிளம்பிவிடுவாய். சனிக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்து என்னையும் இழுத்துக்கொண்டு போவாய். டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், நீ பேசுவதைக் கேட்கவும் ஓர் ஆள் வேண்டும். பிளம்பர் என்று யாராவது வாயெடுத்தால் உனக்கு முகம் சுருங்கிவிடும். "இதுக்கெல்லாம் ஆள் கூப்பிடுவாங்களா மக்கா?" என்பாய்.

உன் வீட்டுப் பழைய வெந்நீர்த் தொட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு அந்தக் காம்பி பாய்லரை மாட்டினாயே, அந்தப் பெருமையை எங்கே போய்ச் சொல்ல. வீட்டைச் சூடாக்குவதும் குழாய்க்கு வெந்நீர் தருவதும் அந்த ஒரே பெட்டிதான். சேமித்து வைக்காது, குழாயைத் திறந்ததும் ஓடுகிற தண்ணீரை ஓட்டத்திலேயே சுடவைத்து அனுப்பும். கேஸ் இணைப்புக்கு மட்டும் வேறு வழியில்லாமல் உரிமம் உள்ள ஆளை விட்டாய். விருந்துக்கு வந்தவர்களுக்குக் காபி கொடுக்கும் முன்னால் பேஸ்மென்ட்டுக்குக் கூட்டிப்போய் அதைக் காட்டினாய். உன் மகள் பிறந்தபோதுகூட இத்தனை பேருக்குக் காட்டியிருக்க மாட்டாய்.

வெந்நீர் மெலிந்தால் பார்ப்பதற்கு உன்னிடம் ஒரு வரிசை இருந்தது. பச்சைத் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? ஒரு குழாயில் மட்டும் குறைகிறதா, எல்லாவற்றிலுமா? வால்வை யாராவது பாதி மூடியிருக்கிறார்களா? பிறகு பில்டர். பாய்லருக்குள் சுண்ணாம்பு படிந்திருக்குமோ என்ற சந்தேகமெல்லாம் கடைசியில்தான். "சின்னதுலேர்ந்து பாரு மக்கா, பெருசா ஒண்ணும் இருக்காது." பெரும்பாலும் இருந்ததும் இல்லை. என் வீட்டில் பாதி மூடிய வால்வு. நீ ஒரு விரலால் திருப்பிவிட்டு, நான் பிளம்பருக்கு எத்தனை தரம் போன் செய்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய்.

நெஞ்சு வலித்தபோதும் அதே வரிசைதான். அன்று காலை பனியைத் தள்ளிவிட்டு மார்பைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தாயாம். கேஸ் என்று ஓம வாட்டர் குடித்தாயாம். அது கேட்கவில்லை என்று ஒரு மாத்திரை. இடது கை வலிக்கிறது என்றதும் மண்வாரி பிடித்த சுளுக்கு என்றாயாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன் என்று உன் மனைவி வாணி போனைக் கையில் எடுத்திருக்கிறாள். அதற்கும் உன்னிடம் பதில் தயாராக இருந்தது. "இதுக்கெல்லாம் ஆள் கூப்பிடுவாங்களா?" மண்வாரியை வைத்துவிட்டு வருகிறேன் என்று கராஜுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போது நீ எதிரில் வந்து நின்றால் முதலில் ஓர் அறை விட்டுவிட்டுத்தான் கட்டிப்பிடிப்பேன்.

திருநெல்வேலியிலிருந்து உன் அப்பா வந்து சேரும்வரை உன்னைப் பிணவறையில் வைத்திருந்தார்கள். பிறகு தகன மையத்தில் உன் மகள் பொத்தானை அமுக்கினாள். நண்பர்கள் அவரவர் வீட்டுக்குத் தலைமுழுகப் போய்விட்டார்கள். நான் உங்கள் வீட்டு ஆட்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வாணியையும் மகளையும் மாடிக்குளியலறைக்கு அனுப்பினேன். உன் அப்பா குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று வாசலிலேயே நின்றார். வெளியே பனி முழங்கால் உயரம் கிடந்தது. பின்பக்கக் கதவு வழியாக பேஸ்மென்ட்டுக்கு அழைத்துப் போனேன். பாய்லருக்குப் பக்கத்திலேயே நீ கட்டிய சின்னக் குளியலறை இருக்கிறதல்லவா, அங்கே குளித்துவிட்டுப் படியேறிவிடலாம் என்று கணக்கு.

குழாயைத் திறந்தால் வெந்நீர் நூலாக வந்தது. மேலிருந்து உன் மகளின் குரல். "அங்கிள், ஹாட் வாட்டர் வரவே இல்ல."

மற்ற எதுவும் என் கையில் இல்லை. அந்த மனிதருக்கு ஒரு வாளி வெந்நீராவது கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் எனக்கு வெறியாக இருந்தது. தெரிந்த பிளம்பருக்குப் போன் செய்தேன். நாளைக்குத்தான் வரமுடியும் என்றார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பாய்லருக்கு அடியில் குனிந்தேன். பச்சைத் தண்ணீர் நன்றாக வந்தது. எல்லா வெந்நீர்க் குழாயிலும் குறைவு. வால்வுகள் முழுக்கத் திறந்திருந்தன. மிச்சம் பில்டர்.

உன் அப்பா வேட்டியும் உன் பழைய ஜாக்கெட்டுமாகப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பொட்டிய அவனேதான் மாட்டுனானா?"

டார்ச்சை வாயிலிருந்து எடுத்தேன். "ஆமாப்பா. அஞ்சு நிமிஷம் இருங்க, சரி பண்ணிடறேன்."

"போன்ல காமிச்சான். அதுக்குன்னு உள்ள ஆளு இருப்பான்லா, அவனக் கூப்பிடுலேன்னேன். சிரிச்சான்." பெட்டியின் ஓரத்தை விரலால் தடவினார். பிறகு கேட்டார். "நெஞ்சு வலிக்கையில எதுக்கு யாரையும் கூப்பிடல?"

"கேஸுன்னு நெனச்சிட்டான்ப்பா."

"கேஸா," என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று கதவைப் பார்த்துச் சொன்னேன்.

பாய்லருக்குள் போகிற தண்ணீரை அடைத்து, குழாயைத் திறந்து அழுத்தத்தை வடியவிட்டு, பில்டர் மூடியைத் திருகி உள்ளே இருந்த வலையை வெளியே இழுத்தேன். துருவும் மணலுமாகச் சேறு அப்பியிருந்தது. அந்த வாரம் தெருவில் பெரிய குழாய் உடைந்து நகராட்சிக்காரர்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள், அந்த அழுக்கு. உன் டூல் பாக்ஸிலிருந்த பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மாட்டி, வால்வைத் திறந்தேன். பாய்லர் பற்றிக்கொண்டது. மேலே ஷவர் சீறுகிற சத்தம் கேட்டது. சின்னக் கோளாறுதான். நீ சொன்னபடியே பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த நிமிடம் உன்னை எவ்வளவு வெறுத்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

சலவைத்தொட்டிக் குழாயில் ஒரு வாளி பிடித்தேன். ஆவி பறந்தது. கதவைத் தட்டி, "வெந்நீர் வந்துடுச்சுப்பா" என்றேன். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நிற்கவில்லை. தாழ் போடவில்லை, தள்ளினேன்.

ஷவர் தொட்டிக்குள் வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். பச்சைத் தண்ணீரை வாளியில் பிடித்து, பிளாஸ்டிக் மக்கால் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். நியூஜெர்சியில் ஜனவரி மாதத்துத் தண்ணீர், விரலை வைத்தால் எலும்பு வலிக்கும். உதடு நீலம் பாரித்துத் தாடை கிடுகிடுவென்று ஆடியது. வெந்நீர் வாளியை அவர் பக்கத்தில் வைத்து, "போதும்ப்பா, இத ஊத்திக்குங்க" என்றேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் வந்து சேருத வரைக்கும் அவன அங்கன சில்லுன்னுதான வச்சிருந்தானுவ," என்றார். "தொட்டுப் பாத்தேன்லா. எனக்கு மட்டும் என்னத்துக்கு வெந்நி?"

மக்கை மெல்லப் பிடுங்கி வைத்துவிட்டு, துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினேன். சின்னப் பிள்ளைபோலக் குனிந்து காட்டினார். வெந்நீர் அந்த வாளியிலேயே ஆறிப்போயிற்று.

அவர் இப்போது ஊரில் இருக்கிறார், ஞாயிறுதோறும் வாணியுடன் பேசுகிறார். பாய்லரில் எது என்றாலும் அவள் உடனே ஆளைக் கூப்பிட்டுவிடுகிறாள். நானும்தான். ஒன்று மட்டும் என் மனைவிக்குத் தெரியாது. ஜனவரி வந்தால் குளித்து முடிக்கிறபோது வெந்நீரை அடைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீருக்கு அடியில் நிற்பேன். முதலில் தோல் எரியும், பிறகு மூச்சு அடைக்கும், பிறகு பற்கள் கிட்டிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பார்ப்பேன். முடியாமல் கை தானாகவே போய் வெந்நீரைத் திறந்துவிடும். அவ்வளவு நேரம்தான் என்னால் உன்னோடு இருக்க முடிகிறது.