பெரியவளோடு துறைமுகம் போய்வந்தது

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, சர்க்கரைகூட இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார், பேச ஆளில்லாமல் வாய்தான் பத்து நாளாகத் துருப்பிடித்துக் கிடக்கிறது. குட்டிக்குக் காது மறைகிற மாதிரி தொப்பி போட்டு வெளியே அனுப்பு, போன தடவை போட்டோவில் காதெல்லாம் சிவந்து கிடந்தது. இது போனில் சொல்கிற சமாச்சாரம் இல்லை, இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சைக் கேட்டவள் நான், போனை நம்ப மாட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அக்கா எட்டு மாசமாக ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளில் கிளம்பிவிடுகிறாள் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன் இல்லையா, பழைய ரயில் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு சைக்கிளுக்கென்று பாதை போட்டிருக்கிறார்களே, முப்பத்தொரு கிலோமீட்டர், அது போய் முடிகிற இடம்தான் அந்தப் பழைய துறைமுக ஊர். வாரம் ஆறு நாள் லேபில் குனிந்து அடுத்தவன் வாய்க்குப் பல்செட் செய்கிறவள், ஒரு நாளாவது முதுகு நிமிரட்டும் என்று நானும் பேசாமல் இருந்தேன். ஆனால் நாற்பது வயசுக்காரி ஒரே ஊரை முப்பது தடவை போய்ப் பார்ப்பாளா சொல்லு, கப்பல்கூட இப்போது அங்கே வருவதில்லை. ராத்திரி சாப்பாடானதும் கதவைச் சாத்திக்கொண்டு போனில் மெதுவாகப் பேசுவாள், வார்த்தை கேட்காது, குரல் கேட்கும், எனக்குக் குரல் போதும். அப்புறம் ஒருநாள் நானும் வருகிறேன் என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன், அசடு, முகமெல்லாம் பூத்துப் போய், நானே கூப்பிடலாம்னு இருந்தேம்மா, உனக்கு ஒருத்தரைக் காட்டணும் என்றாள்.

பாதை ஆரம்பிக்கிற இடத்தில் வாடகைக் கடையில் ரெட்டை சீட்டு சைக்கிள் எடுத்தாள், முன்னால் அவள், பின்னால் நான். காலைச் சும்மா பெடலில் வைத்தால் போதும், அதுவே சுற்றும், நான் ஒரு அழுத்துகூட அழுத்தவில்லை. இரண்டு பக்கமும் வயலும் பழைய ஸ்டேஷன் கட்டடங்களுமாக நன்றாகத்தான் இருந்தது. ஏற்றம் வந்தபோதெல்லாம் அவள் முதுகுச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது, மூச்சு வாங்கிக்கொண்டே, களைப்பா இருக்காம்மா, நிறுத்தட்டுமா என்று என்னைக் கேட்கிறாள். எனக்கு என்ன களைப்பு. உன் அப்பா போனபிறகு பதினோரு வருஷம் இவள் இழுக்க நான் உட்கார்ந்துதான் வந்திருக்கிறேன், மறைப்பானேன்.

ஊர் அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். கடலுக்குள் இறங்குகிற கல் படிகள் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கின்றன, சுவரில் என் மணிக்கட்டுப் பருமனுக்கு இரும்பு வளையங்கள், கயிறு உரசி உரசிக் கல்லிலேயே பள்ளம் விழுந்திருக்கிறது. பழைய சுங்கக் கட்டடத்தை மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள், அதைச் சுற்றிக் காட்டுகிறவர்தான் இவள் காட்டவேண்டும் என்ற ஆள். நாற்பத்தைந்து வயசிருக்கும், முன்நெற்றி ஏறியிருக்கிறது, சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். காய்ச்சல் கப்பல்களில் வந்தவர்களை நாற்பது நாள் அடைத்துவைக்கிற அறை, மூட்டை நிறுக்கிற ஆளுயரத் தராசு எல்லாம் எனக்கென்று தனியாகக் காட்டினார், படி இறங்குகையில் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷன், அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. மோசமானவனாக இருந்திருந்தால் இவளே ஒரு வருஷத்தில் திரும்பி வந்திருப்பாள்.

அக்கா டீ வாங்கப் போனாள், கடையில் கூட்டம், கால் மணி நேரம் ஆகியிருக்கும். நாங்கள் இரண்டு பேரும் கடலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவராகவே சொன்னார், நான் கேட்கவில்லை, முதல் பெண்டாட்டி ஆறு வருஷம் கூட இருந்துகொண்டே வேறொருத்தனோடு பழகியிருக்கிறாள், ஊருக்கெல்லாம் தெரிந்து கடைசியில்தான் இவருக்குத் தெரிந்ததாம். எதை வேணாலும் தாங்கிப்பேம்மா, மறுபடியும் ஒரு தடவை ஏமாந்தா எழுந்திருக்க மாட்டேன், உங்க பொண்ணுகிட்ட அந்தப் பயம் இல்லாம இருக்கேன் என்றார். பூட்டையும் காட்டிச் சாவியையும் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. நான் பெருமூச்சு விட்டேன். தம்பி, நல்லவரா தெரியறீங்க, அதனால சொல்றேன், அவ சனிக்கிழமை ராத்திரி எங்கே போறான்னு கேட்டிருக்கீங்களா என்றேன். அவ்வளவுதான் சொல்ல நினைத்தேன், அவர் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் மேலே வந்துவிட்டது, உங்களுக்கு முன்னால ரெண்டு பேரை இப்படித்தான் என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினா, பெத்தவ வாயால இதுக்கு மேல கேக்காதீங்க என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சனிக்கிழமை ராத்திரி அவள் என் காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள், வேறெங்கே போகிறாள்.

டீயோடு வந்தாள், மூன்று கப். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அவளைச் சுவரோரம் கூட்டிப் போய் ஏதோ கேட்டார், முதலில் சிரித்தாள், அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், நம்பின ஆட்டல் இல்லை, கேட்டது போதும் என்கிற ஆட்டல். பெற்ற தாய் பொய் சொல்வாளா என்று அவர் நினைத்திருப்பார், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அடுத்த கூட்டம் வந்துவிட்டது, போய்விட்டார், அந்தத் தராசைக் காட்டி வருஷத்தைத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது வெளியே எனக்குக் கேட்டது.

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கத்துவாள், நாலு பேர் பார்ப்பார்கள் என்று பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டேன். கத்தவில்லை. ஏம்மா என்று மட்டும் கேட்டாள், சின்ன வயசில் பல் விழுந்தபோது கேட்ட மாதிரி. நான் பதில் சொன்னேன், என்ன சொன்னேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். சைக்கிளை அங்கேயே கடையின் கிளையில் விட்டாள், என்னை பஸ்ஸில் ஏற்றி ஜன்னலோர இடம் பார்த்து உட்கார வைத்தாள், கண்டக்டரிடம் எங்கே இறக்கிவிடணும் என்று சொன்னாள், அவள் ஏறவில்லை. மறுநாள் சாயங்காலம் வந்தாள், துணிமணியையும் பல்செட் மெழுகு செதுக்குகிற கத்திகளையும் எடுத்துக்கொண்டாள், என் மாத்திரையை வேளைவாரியாகப் பிரித்து ஒரு மாசத்துக்கு டப்பாவில் போட்டுவைத்தாள். லேபுக்குப் பக்கத்தில் மாடி அறை ஒன்று பிடித்திருக்கிறாளாம், எதிர்வீட்டு டெய்லரம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னாள், கட்டில்கூட இல்லையாம், ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறாளாம். நான் மியூசியத்துக்கு போன் போட்டேன், என் பழைய எக்ஸ்சேஞ்ச் குரலில் ஞாயிற்றுக்கிழமை சுற்றிக்காட்டுகிறவர் வேண்டும் என்று கேட்டேன், அவர் இப்போ ஞாயிற்றுக்கிழமை வர்றதில்லைங்க, கேட்டு மாத்திக்கிட்டார் என்றார்கள். ஆக அது முடிந்தது.

அவளுக்குப் போக இடமில்லை, திரும்பி வந்துதான் ஆகவேண்டும், என் மேல் உள்ள கோபம்தான் குறுக்கே நிற்கிறது. இப்போது என் பதிலுக்கு வருகிறேன். உன் தம்பிதான் அப்படிச் சொல்லச் சொன்னான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். பதறாதே, முழுப் பொய்யும் இல்லை. இரண்டு மாசம் முன்னால், அக்காவுக்கு யாரோ இருக்கிறார்போல என்று நான் சொன்னபோது நீ என்ன கேட்டாய், யாரு, என்ன வேலை, நல்லவரா என்று கேட்டாயா? அவ போயிட்டா உன்னை யாரும்மா பாத்துப்பா என்று கேட்டாய். கேட்டுவிட்டு, மீட்டிங் இருக்கு என்று வைத்துவிட்டாய். அதற்கு அர்த்தம் தெரியாதவளா நான்.

அவள் உனக்கு எழுதுவாள், இல்லாவிட்டால் கூப்பிடுவாள். ஆமாம், நான்தான் சொல்லச் சொன்னேன் என்று சொல்லிவிடு. நீ தூரத்தில் இருக்கிறாய், அவள் கோபம் உனக்கு என்ன செய்யும், இரண்டு வருஷம் பேசமாட்டாள், அவ்வளவுதானே. இல்லை, பொய் சொல்ல மனசு வரவில்லை, அக்கா பாவம் என்று தோன்றினால் அதுவும் சரி, எனக்கு அங்கே வர டிக்கெட் எடுத்து அனுப்பு, எந்த அறையை எனக்கு ஒழித்துத் தரப்போகிறீர்கள் என்று உன் வீட்டுக்காரியிடம் கேட்டு ஒரு வரி எழுது. இரண்டில் எது என்று நான் வற்புறுத்த மாட்டேன்.

எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், குட்டிக்கு என் முத்தம், நல்லபடியாக வளரட்டும். டப்பாவில் மாத்திரை இன்னும் இருபது நாளைக்குத்தான் இருக்கிறது, அதற்குள் உன் பதில் வந்துவிட வேண்டும், மறந்துவிடாதே.

எப்போதும் உன் நல்லதையே நினைக்கிற,
அம்மா